தலைக்கு மேல சுத்தின கை

மாட்டுக் கயிறு ரெண்டையும் பையிலிருந்து எடுத்ததுமே, மாரியூர்க் கடற்கரையில பாதிப் பேரு எங்களைத்தான் பார்த்தாங்க.

சூர்யா இடுப்புல ஒண்ணு, சிநேகா இடுப்புல ஒண்ணு. மறுநுனி ரெண்டும் என் கையில. புதுக் கயிறுதான், சாணி நாத்தமெல்லாம் கிடையாது.

"ஏ ராக்கு, பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டியாந்தியா, சந்தையில விக்கக் கூட்டியாந்தியா?"

எங்க வீட்டுக்காரர் பூமிநாதன்தான். நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டுச் சிரிச்சாக.

சிரிக்கட்டும். எனக்கு நீச்சல் தெரியாது. அவுகளுக்குத் தெரியும், அதுதான் எனக்குப் பயமே. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துற மனுசன். தண்ணியைக் கண்டா மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஆயிருவாக.

எங்க ரெண்டு பேருக்கும் வாயைத் திறந்தாச் சண்டை. எதிர்த்துப் பேசாட்டி எனக்குச் சோறு இறங்காது. வயக்காட்டுல மட்டும் சண்டை இல்ல. அவுக நடு வயல்ல நிப்பாக, நான் கண்மாய்க் கரையில நிப்பேன், சத்தம் எட்டாது. கையாலதான் பேச்சு. தலைக்கு மேல கையைச் சுத்துனா, மாடு மிரளுது, கயிறைக் கொண்டான்னு அர்த்தம். ரெண்டு கையையும் முன்னால தள்ளுனா, நீ போ, நான் பாத்துக்கிடுறேன்னு அர்த்தம். எல்லாம் கட்டிக்கிட்டு வந்த புதுசுல அவுக பழக்கிவிட்டதுதான்.

குளிக்க நல்ல இடமாப் பார்த்தாக. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைஞ்சுக்கிட்டு இருக்க, நடுவுல வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணி சும்மா கெடந்துச்சு. அங்கன இறங்குவோம்னாக.

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. எங்க கண்மாயில மடைப் பக்கம்தான் சுழிச்சுக்கிட்டு இழுக்கும். சும்மா கெடக்குற தண்ணி யாரை என்ன செஞ்சிருக்கு?

பிள்ளைக முட்டளவுத் தண்ணியில ஆட்டமா ஆடுச்சுக. நான் பின்னாலயே கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

சிநேகாவோட பந்து நழுவி உள்ள போச்சு. அவ சிணுங்குறதுக்கு முன்னாடியே அவுக பாய்ஞ்சுட்டாக.

பந்து கைக்குச் சிக்கிருச்சு. திரும்புனாக. நீந்துறாக, நீந்துறாக, கிட்ட வரக் காணோம். பந்தையும் விட்டுட்டாக. அப்பவும் தூரமாத்தான் போறாக.

அந்நேரம் என் காலடி மணலையும் தண்ணி உருவுச்சு. சிநேகா பொத்துன்னு உக்கார்ந்துட்டா. சூர்யா தடுமாறி அவ மேல விழுந்தான். ரெண்டு கயிறும் விறைச்சுக்கிட்டுக் கடலைப் பார்த்து இழுத்துச்சு.

அவுக கையைத் தூக்கித் தலைக்கு மேல ஒரு சுத்து சுத்துனாக.

நான் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன்.

கயிறு ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு வீசியிருந்தா எட்டியிருக்குமோ என்னமோ. ஆனா அதுக்குப் பிள்ளைக இடுப்புல இருந்து அவுக்கணுமே.

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிட்டேன். கயிறு ரெண்டையும் தோள்ல போட்டுக்கிட்டு, வண்டி மாடு மாதிரி கரையைப் பார்த்து இழுத்தேன். "அய்யா, அய்யா"ன்னு அப்பனைக் கூப்பிட்டு சூர்யா கத்துறான். நான் திரும்பவே இல்ல.

பக்கத்துல பாய் விரிச்சு உக்கார்ந்திருந்த கீழக்கரைக்காரர் ஒருத்தர், தண்ணிக் கேனைக் கவுத்துக் கொட்டி, மூடியை இறுக்கிக்கிட்டு என்னைத் தாண்டி ஓடுனாரு. சலாஹுதீன்னு பேரு. "எதுத்து நீந்தாதீங்க! பக்கவாட்டுல வாங்க, பக்கவாட்டுல!"

கேனை அவுக கையில பிடிக்கக் குடுத்து, அலை உடையுற பக்கமா வளைச்சுக் கூட்டியாந்துட்டாரு. கரையில வந்து அவுக குடம் குடமா வாந்தி எடுத்தாக. சலாஹுதீன் சம்சாரம் ஃபஸீலா பிளாஸ்குல இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. அலை இல்லாத இடத்துலதான் கடல் உள்ள இழுக்கும்னு அவரு பக்குவமா எடுத்துச் சொன்னாரு. எனக்குப் பாதிதான் காதுல ஏறுச்சு.

அவுக என்னைய ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தாக்கூட எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

சாயல்குடி பஸ்ஸுல பிள்ளைக ரெண்டும் எங்க மடியில விழுந்து தூங்கிருச்சுக. கயிறை நான் இன்னும் அவுக்கல. என் உள்ளங்கை ரெண்டும் அறுபட்டுச் செவந்து கெடந்துச்சு. அவுக அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு வந்தாக.

"கையைக் காட்டுனேன்ல, பார்த்தியா?"

உள்ளங்கை ரெண்டையும் மூடிக்கிட்டேன். "ம்"ன்னேன்.

"பிள்ளைகளை மேல இழுத்துட்டுப் போன்னுதான் காட்டுனேன். சரியாத்தான் செஞ்ச."

சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாக.

போன்னு சொல்ல ரெண்டு கையையும் முன்னால தள்ளணும். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு தடவைகூட அவுக அதை மாத்திக் காட்டுனதில்ல.

வேற விசயமா இருந்தா அந்த பஸ்ஸுலயே சண்டை போட்டிருப்பேன்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு"ன்னேன்.