பாவம் போக மிச்சம்

என் கணவர் தஸ்நேவிஸ் வீட்டில் பேசமாட்டார். குழம்பில் உப்பு குறைந்தால்கூட உப்பு ஜாடியைக் கையால் காட்டுவார். அப்படிப்பட்டவர் சனிக்கிழமைதோறும் கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டால், கால்மணி நேரத்துக்கு எழுந்திருக்கமாட்டார். பின்னால் வரிசையில் நிற்கும் சந்தியாகம்மாள் என்னைத்தான் இடிப்பாள்.

"ஏட்டி, ஒம் புருசன் எத்தன கொல பண்ணிட்டு வந்திருக்காரு? எனக்கு அடுப்புல சோறு கெடக்கு."

ஆனால் வெளியே வந்து அவர் சொல்லும், பாவத்துக்காகச் சாமியார் விதித்த அபராத ஜெபம் ஒரே ஒரு அருள் நிறைந்த மரியேதான். உதட்டைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். பெரிய பாவத்துக்கு அவ்வளவு சின்ன அபராதம் எந்தச் சாமியாரும் கொடுப்பதில்லை. அப்படியானால் மிச்ச நேரமெல்லாம் என்ன பேசினார்?

அவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறு சனிக்கிழமை, நானே போய் அதே பலகையில் மண்டியிட்டேன். உள்ளே அதே பங்குச் சாமியார். கேட்டுவிட்டேன்.

"இங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாதும்மா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"பாவம் எனக்கு வேண்டாம் சாமி. அத நீங்களே வச்சுக்கிடுங்க. மிச்சத்த மட்டும் சொல்லுங்க. முப்பத்தொரு வருசம் அவர்கூட இருந்திருக்கேன்."

 நடுவிலிருந்த கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரித்துவிட்டார். ஏதோ நினைவுக்கு வந்து, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. என் கணவர் ஒருவரைச் சிரிக்க வைக்கக் கூடியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார். சிரிப்பு நிற்கவில்லை. நான் எழுந்திருக்காமல், காதை வலையோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.