தாம் ஐயாவின் மேசை

“மேசை இருக்கு, சீட்டு இருக்கு, டோக்கன்கூட பெட்டி பெட்டியா இருக்கு. ஆனா ஆட்டம் ஆரம்பிக்கவே மாட்டேங்குதாம், தங்கச்சி. என்ன குறைன்னு எனக்குப் பிடிபடல.”

தேநீர்க் கடையின் மூலை மேசையில் லோ காம் செங் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த யோங் சூட் லெங், காலை வேலை முடிந்து வந்தவள். சூதாட்டக் கூடத்தில் பதினோரு வருடமாகச் சீட்டுப் போடும் டீலர். கடைக்காரர்தான் இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தார்.

செங் பிறந்து வளர்ந்தது எல்லாம் மக்காவ்தான். ஆனாலும் சூதாட்டக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவரில்லை. அவருடைய தொழில்காரர்களை வாசலில் பார்த்தாலே ஆட்டக்காரர்கள் முகம் சுளித்துத் திரும்பிவிடுவார்கள். போகாமல் இருப்பதுதான் மரியாதை.

விஷயத்தை அவர் மெதுவாகச் சொன்னார். தாம் என்று ஒரு பெரியவர். வாரம் தவறாமல் பக்காரா என்ற சீட்டாட்டம் ஆடியவர். இனி அவரால் வெளியே வர முடியாது. அதனால் அவர் மனைவி செங்கின் கடைக்கு வந்து, அவர் இருக்கும் இடத்துக்கே ஒரு மேசை வேண்டும் என்றார். செங் செய்து அனுப்பினார். அன்று முதல் தினமும் இரவில் தாம் ஐயா மனைவியை எழுப்புகிறார். ‘ஆட்டம் ஆரம்பிக்கல’ என்ற ஒரே பேச்சு. அந்த அம்மா பன்னிரண்டு நாளாகக் கண்மூடவில்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் மயங்கி விழுந்து நெற்றியில் நாலு தையல்.

“சனிக்கிழமை ஒரு சாமான் அனுப்பலாம். அதை விட்டா அடுத்த வசந்தம்தான். அதுவரைக்கும் அந்த அம்மா தாங்க மாட்டாங்க” என்றார் செங்.

“அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே, என்ன குறைன்னு.”

“என்கிட்ட பேச மாட்டார். சம்சாரத்துகிட்ட மட்டும்தான்.”

“படுத்த படுக்கையா இருந்தும் விடல பாருங்க இந்த ஆசை” என்று லெங் சிரித்தாள். செங் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஆட்டத்தை அடியிலிருந்து சொல்லித் தரும்படி கேட்டார்.

யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் லெங்குக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இரண்டு சாஸர்களைத் தள்ளி வைத்தாள். ஒன்று பேங்கர் பக்கம், மற்றது பிளேயர் பக்கம். வெறும் பெயர்கள்தான், எதில் வேண்டுமானாலும் பந்தயம் வைக்கலாம் என்றாள். பில் காகிதத்தைக் கிழித்து எண்கள் எழுதி, பக்கத்துக்கு இரண்டு சீட்டாக வைத்தாள். ஏஸ் என்றால் ஒன்று. பத்தும் படச் சீட்டுகளும் சைபர். கூட்டி, பத்தைத் தள்ளிவிட வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து, ஆனால் கணக்கு ஐந்து. ஒன்பதுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வெற்றி.

“மூணாவது சீட்டு வேணுமா வேண்டாமான்னு ஆடுறவர் யோசிக்கணுமே?” என்று கேட்டார் செங்.

அங்கேதான் எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள் என்றாள் லெங். எந்தப் பக்கமாவது எட்டோ ஒன்பதோ வந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. வராவிட்டால், பிளேயர் பக்கம் ஐந்து வரைக்கும் இன்னொரு சீட்டு. ஆறிலும் ஏழிலும் கிடையாது. பேங்கர் பக்கத்துக்குத் தனிப் பட்டியலே உண்டு. எதிலும் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. பெரிய பந்தயம் வைத்தவர் சீட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்ப்பார். வேண்டாத புள்ளியை ஊதித் துரத்துவார். அதெல்லாம் மனசுக்காக. சீட்டு உருவுவது, கூட்டுவது, வெற்றியைச் சொல்வது, பணம் கொடுப்பது எல்லாம் டீலர்.

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“அண்ணே, அங்க டீலர் யாரு?”

செங்கின் பேனாவும் நின்றது. மாஜோங் மேசைகள் நூற்றுக்கணக்கில் செய்தவர் அவர். நாலு நாற்காலி போட்டு, காய்களை வைத்து அனுப்பினால் போதும், உட்கார்ந்தவர்களே ஆடிக்கொள்வார்கள். இதையும் அதே பழக்கத்தில் அனுப்பியிருந்தார்.

“ஆளே வைக்கல” என்றார்.

“அப்ப அவர் வெறும் மேசையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். பாவம்.”

செங் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆறியிருந்த பால் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அவள் சீருடையை மேலிருந்து கீழாகப் பார்த்து, பொத்தான்கள் எத்தனை, சட்டைக் கழுத்துப் பட்டை எந்தப் பக்கம் மடிகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டார்.

“நான் வர முடியாதுண்ணே. வெளியில சீட்டுப் போட்டா வேலை போயிடும்.”

“நீங்க வர வேண்டியதே இல்ல, தங்கச்சி. பேரும் பிறந்த தேதியும் நேரமும் மட்டும் கொடுங்க. பேர் இல்லாம எங்க கடையில ஆள் அனுப்பறதில்ல. அனுப்பினா, யார்கிட்ட வேலை பார்க்கணும்னு தெரியாம அலையும்.”

பெரிய ஆட்டக்காரர்கள் ராசி பார்க்க டீலரின் பிறந்த வருடத்தை விசாரிப்பது லெங்குக்குப் புதிதல்ல. தனக்குத் தெரிந்த வேறு யாரையோ அனுப்பப்போகிறார், சொல்லிக் கொடுத்தவள் என்று தன் பெயரைக் காட்டப்போகிறார் என்று எடுத்துக்கொண்டாள். நோட்டை வாங்கி அழகாக எழுதிக் கொடுத்தாள். சீனக் கணக்கில் பன்றி வருடம், ஒன்பதாம் மாதம், அதிகாலை ஐந்து மணி.

சனிக்கிழமை காலை, தாம் ஐயா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள், இறந்தவர்களுக்கான காகிதப் பொருள்களை எரித்து அனுப்பும் கோயில் உலையில், முன்பு மேசையை அனுப்பியது போலவே, செங் எரித்தது ஒரே ஒரு பொருளைத்தான்: மூங்கில் குச்சியாலும் வண்ணக் காகிதத்தாலும் செய்து, நெஞ்சில் ‘யோங் சூட் லெங்’ என்ற பெயரையும் பிறந்த நேரத்தையும் ஒட்டிய, சீருடை அணிந்த ஒரு பெண். அன்றிரவு தாம் ஐயா தன் மனைவியை எழுப்பவில்லை, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.