பிறைக் கீறல்

வெளி கேட்டில் வண்டி ஒன்று மோதிய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அரங்கநாதனுக்குப் புரிந்துவிட்டது. நாளை கோர்ட்டில் அவர் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்பவர்கள் வந்துவிட்டார்கள். மேஜையில் விரித்த துண்டின் மேல், துடைத்து எண்ணெய் போடுவதற்காக அப்போதுதான் கழற்றிய பிஸ்டல் பாகம் பாகமாகக் கிடந்தது.

பதற்றத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. முதலில் ஒட்டும் டேப்பில் பொட்டளவு கிழித்தார். மேல்பாகத்தை அடிப்பாகத்தோடு பூட்டும் குறுக்குப் பின்னைச் செருகும்போது அதன் முனை உரசும் இடத்தில் டேப் ஒட்டாவிட்டால், கறுப்புப் பூச்சில் பிறைபோலக் கீறல் விழும். “துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கிறீங்களா அத்தான்?” என்று, இப்போது கதவுக்குக் காவலாக நிற்கும் மனைவியின் தம்பி தயாளன் கேலி செய்வான். கழற்றி மாட்ட அவனுக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு வருடமாகக் கீறலே விழாத இடத்தில், புதிதாக ஒரு பிறை மின்னியது.

மேல்பாகத்தை எடுத்துத் திருப்பினார். தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் இருக்கவேண்டிய துளை காலியாக இருந்தது.

மாடிப்படியில் காலடிகள் நெருங்கின. கதவோரம் நின்ற தயாளன் தாழ்ப்பாளை விலக்கினான்.

“காலையில பொட்டு வைக்க நேரமில்ல அத்தான். ஃபயரிங் பின்னை வாங்கிட்டுப் போக அவங்க தெருமுனையில நின்னுட்டிருந்தாங்க.”