பாசிச் சட்டை

கடல்ல பாறையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்த பாசி ஒருத்தி, மருந்து ஒருத்தனுக்குச் சட்டையா வந்து சேர்ந்தா. இவ அக்கா ஒருத்தி நோன்புக்குப் பாலுல போட்டுக் காய்ச்சுற பாசி, தெருவே வழிச்சுத் தின்னுச்சு, அது கெடக்கட்டும். குடல்ல புண்ணு வந்து மூணு நாளாச் சோறு எறங்காத தங்கபுஷ்பம், இந்தப் பாசியையும் மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையா முழுங்கினா.

முழுங்கினதுமே மருந்து முட்டுனான். "விடு புள்ள, தங்கபுஷ்பம் துடிக்கிறா!"

"இது வயிறு ராசா. இந்தப் புளிப்புல நீ இங்கனயே கரைஞ்சு வீணாப் போயிருவ. புண்ணு இன்னும் கீழ இருக்கு."

"கல்நெஞ்சுக்காரி!"

"திட்டு, திட்டு. அலை திட்டாததையா நீ திட்டப் போற?" பாசி இன்னும் இறுக்கிப் பிடிச்சா.

குடல் வந்ததும் பாசி ஊறி உப்பி, அவனைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டா. புண்ணு எரிச்சல் மெல்ல அடங்குச்சு. சாயங்காலம் தங்கபுஷ்பம் எந்திரிச்சு உக்காந்து, "கஞ்சி இருக்கா?"ன்னு கேட்டா.

மருந்துல ஒரு துணுக்குதான் மிச்சம். அது திரும்பிப் பாத்தா, பாசி நூலா எளைச்சுப் போயிருந்தா.

"என்ன புள்ள, உன்னையே காணமே?"

"நீதான விடு விடுன்னே."

"இப்ப விடாத. இன்னுங் கொஞ்ச நேரம் பிடிச்சுக்க"ன்னுச்சு அந்தக் கடைசித் துணுக்கு.