திருத்திய முகம்

ஆறு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த டாக்டர் நெல்லையப்பன், கதவைத் திறந்தவளிடம், “அம்மா இல்லையா?” என்று கேட்டுவிட்டான். திறந்ததே அம்மா தெய்வகனிதான். தாடை நீண்டு, மூக்கு தடித்துப்போயிருந்தது. வாரம் தவறாமல் திரையில் பார்த்துப் பேசியவன்தான். ஆனால் இப்போதெல்லாம் எந்த அழைப்பிலும் இயந்திரம் எல்லோர் முகத்தையும் பழைய அழகுக்குத் திருத்தித்தான் காட்டுகிறது.

அம்மாவுக்கு எடுத்த ஸ்கேனில், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில், முகத்தையும் கைகால்களையும் பெருக்கவைக்கும் கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான். ஆனாலும் அது வருடக்கணக்கில் வளர்ந்து பார்வை நரம்பை நெரித்துவிட்டது. இரண்டு பக்கவாட்டிலும் போன பார்வை இனித் திரும்பாது.

“முதல்லயே சொல்லிருக்கலாம்லம்மா.”

“வெரலு வீங்கி, மெட்டிய வெட்டித்தான் எடுத்தோம்னு சொன்னேனே ராசா. நீதான் மொகத்தப் பாத்துட்டு, ‘ஒனக்கு ஒண்ணுமில்லம்மா, அப்படியேதான் இருக்க’ன்னுட்ட.”