கடைசிப் போத்தல்

தகரக் கூரையில் மழை இரைகிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பனிமூட்டம் விழுங்கிவிட்டது. பட்டப்பகலிலும் ஆய்வுகூடத்துக்குள் மங்கல்தான். வேதியியல் ஆசிரியை ஏஞ்சலா, இரண்டு விரல் உயரத்துக்கு மிஞ்சியிருக்கும் செப்பு சல்பேற்றுக் கரைசலை முகவையில் கவிழ்த்துப் போத்தலை உதறுகிறாள். இனிச் சொட்டு இல்லை. புதுப் போத்தல் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. உயர்தர வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். ஆளுக்கொரு சோதனைக்குழாயாவது நிரம்ப வேண்டும். வாளியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரை ஊற்றுகிறாள். மயில்கழுத்து நீலம் வெளிறுகிறது. பாதி வகுப்புக்குக்கூடக் காணாது. மறுபடி ஊற்றுகிறாள், மறுபடியும்.

“உப்பு அதேதான், தண்ணிதான் கூடுது. அப்ப செறிவு?”

“குறையும் டீச்சர்!”

குழாய்கள் கைமாறுகின்றன. முன்வரிசைப் பிரியந்தி தன்னுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். அதற்குள்ளும் தெரிவது பனிமூட்டம்தான்.

“வெறும் தண்ணி மாதிரி இருக்குங்க டீச்சர்.”

ஏஞ்சலா முகவையைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொள்கிறாள். பக்கத்துப் பிள்ளை பிரியந்தியை முழங்கையால் இடிப்பது காதில் விழுகிறது.

“இளநீலம்னு எழுதுடி. பரீட்சைல அப்படி எழுதுனாத்தான் புள்ளி போடுவாங்க.”

ஏஞ்சலா திரும்பும்போது இருபத்தெட்டுப் பேனாக்களும் குனிந்து ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அறையில் நீலமாக மிச்சமிருப்பது அந்த மை ஒன்றுதான்.