மீட்டர் பொய் சொல்லாது

மாமனாரின் டம்ளரில் மருமகள் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

வெள்ளைத் தூள். கரண்டிக் காம்பால் நசுக்கி, காகிதத்தில் வழித்து, பழுப்புக் கஷாயத்தில் தட்டினாள். கொஞ்சம் மேடையில் சிந்தியது. அதையும் விரலால் ஒற்றி உள்ளே போட்டாள்.

"என்னடி பண்ற?"

சமையலறை வாசலில் கணவன். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"மெதுவா பேசுங்களேன்!"

"எங்கப்பா டம்ளர்ல என்னத்தைக் கலக்குற?"

"உங்கப்பா மாத்திரையைத்தான்."

பிரஷ் கீழே விழுந்தது.

போன வருஷம் இடது கை மரத்து, வாய் ஒரு பக்கமாகக் கோணி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் மாமனார். "பிரஷர் மாத்திரையை ஒருநாள்கூட விடாதீங்க பெரியவரே. விட்டா அடுத்த தடவை என்கிட்ட வரமாட்டீங்க, நேரா மேலதான்" என்று டாக்டர் கூரையைக் காட்டியிருந்தார்.

அப்புறம்தான் போனுக்குள் வந்து சேர்ந்தார் வேர் ஐயா. முகம் கிடையாது, குரல் மட்டும். தேனில் முக்கி எடுத்த குரல்.

"அன்புச் சொந்தங்களே! மாத்திரை என்ன செய்யும்? ரத்தத்தில் சுண்ணாம்பாய்ப் படியும். என் வேர்ப்பொடி என்ன செய்யும்? கழுவு...வு...வும்!"

அந்தக் 'கழுவும்' முடிவதற்குள் ஒரு வீட்டையே கழுவிவிடலாம்.

மாமனார் மாத்திரை டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டு வேர்ப்பொடிக் கஷாயத்துக்கு மாறினார். மருமகள் கெஞ்சினாள், அழுதாள், டாக்டரையே போனில் பேச வைத்தாள். "அவரு பொழப்பு மாத்திரையில ஓடுது, வேற எப்படிப் பேசுவாரு?" என்று மாமனார் போனை வைத்துவிட்டார். நாலாம் நாள் பிரஷர் மிஷினில் நூற்றுத் தொண்ணூறு. "கழிவு வெளியேறுதும்மா, முதல்ல ஏறித்தான் இறங்கும்" என்று சிரித்தார். அவளுக்கு மட்டும் அந்த வாய் மறுபடி கோணுவது போலவே இருந்தது.

மறுநாளிலிருந்து இந்த நசுக்கல்.

"மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேங்க. இந்த மாத்திரையைப் பொடிக்கலாமாம். ஆனா அவருக்குத் தெரியாம குடுக்கிறது தப்பு, டாக்டர்கிட்ட சொல்லிடுங்கன்னார்."

"சொன்னியா?"

"பயமா இருக்கே. விஷயம் வெளிய வந்தா உங்கப்பா கஷாயத்தையும் தொடமாட்டார், மாத்திரையையும் தொடமாட்டார்."

கணவன் பிரஷ்ஷை எடுத்துக் கழுவினான். "போலீஸ்காரன் பாத்தா விஷம்னு உன்னை உள்ள தள்ளிருவான்" என்றான். பிறகு, "நான் எதையும் பாக்கலை" என்று நகர்ந்துகொண்டான்.

"அங்க என்ன குசுகுசுப்பு? என் கஷாயம் வருதா, நான் வரட்டுமா?"

ஓடிப்போய்க் கொடுத்தாள்.

மாமனார் ஒரே மடக்கில் முக்கால்வாசி குடித்து, முகத்தைச் சுளித்து, "ஆஹா! இன்னைக்குக் கசப்பு எடுப்பா இருக்கு" என்றார். பிரஷர் மிஷினைக் கையில் சுற்றிக்கொண்டார். அது புஸ்புஸ் என்று ஊதி, மெல்ல இறங்கியது. தினமும் இந்த அரை நிமிஷம் அவளுக்கு மூச்சு ஓடாது.

"நூத்தி இருபத்தெட்டு! மாத்திரையை நிறுத்தி அஞ்சு வாரம். பாத்துக்கோ! முப்பத்தாறு வருஷம் வீடு வீடா கரண்ட் மீட்டர் பாத்தவன் சொல்றேன். மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் பொய் சொல்லாது."

"ஆமா மாமா."

"இதைத்தான் போன வாரம் வேர் ஐயாவுக்குப் பேசி அனுப்பினேன். எண்ணூறு பேர் இருக்கிற குரூப்புல போட்டுட்டாரும்மா! ஆளாளுக்கு மாத்திரையைத் தூக்கிப் போடுறாங்களாம்."

"யாரு மாமா? யாரெல்லாம் போட்டாங்க?"

"எண்ணூறு பேர்ல யாரைன்னு சொல்ல?"

போன் அடித்தது. அம்மா.

"உன் மாமனார் பேசினதைக் கேட்டேன்டி. என்ன தெளிவா சொல்றார்! சர்க்கரைக்கும் அதே பொடிதானாம்." அம்மாவின் நாக்கு ஒட்டிக்கொண்டு குழறியது. "நானும் ஊசியை நிறுத்தி இன்னையோட நாலு நாள்."

"அம்மா!"

"கத்தாதடி, தலை சுத்துது. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன், தாகம் அடங்கலை. காலையில ரெண்டு தடவை வாந்தி. கழிவு வெளியேறுதாம், ஐயா சொல்லிட்டார்."

"அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நாங்க இதோ கிளம்பிட்டோம். அந்தப் பேச்சை நம்பாதம்மா, அது பொய்!"

"சம்பந்தி பொய் சொல்வாரா? மிஷின்ல பாத்துத்தானேடி சொன்னார்?"

"மிஷினும் பொய் சொல்லலைம்மா, அவரும் பொய் சொல்லலை..."

"அப்போ பொய் சொன்னது யாரு?"

அவள் திரும்பினாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மிச்சக் கஷாயம். டம்ளரின் விளிம்பில் கரையாத வெள்ளைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"நான்தான்மா" என்றாள் அவள்.